அம்மாவின் நினைவு மலரில் அப்பாவின் படைச்சேவையை எழுதலாமா?

கேள்வி: எங்கள் அம்மா தனது 82ஆவது வயதில் காலமானா. எட்டுச் செலவு (எட்டாம் நாள் சடங்கு) நேற்று முடிந்தது. 31ஆம் நாளுக்கு நினைவு மலர் வெளியிட வேண்டுமென்று றொறன்ரோவிலிருக்கும் அண்ணா நிற்கிறார். அப்பா 1958 முதல் 1980 வரை இலங்கைத் தரைப்படையில் வாகனத் திருத்துநராக இருந்தவர். 1963இல் கலியாணம். 1964இலிருந்து எட்டு வருடம் அம்மாவும் தியத்தலாவையில் அவரோடு இருந்தவ. 1972இல் எங்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வசாவிளானுக்கு வந்துவிட்டா. அதன்பிறகு அப்பா பனாகொடையிலிருந்து லீவில் வந்து போவார்; 2006இல் தவறிவிட்டார். சனசமூக நிலையத்தில் பாலர் பாடசாலை நடத்தியது, மாதர் சங்கப் பொருளாளராக இருந்தது, 1995 இடப்பெயர்வில் கொடிகாமத்துப் பள்ளிக்கூட முகாமில் சமையல் பொறுப்பை எடுத்தது, சிங்களம் தெரிந்தபடியால் அயலவருக்குக் கடிதம், படிவம் எழுதிக்கொடுத்தது என்று அம்மா ஓய்ந்திருந்ததில்லை. டென்மார்க்கிலுள்ள தம்பி "ஆமி என்ற சொல்லே மலரில் வரக்கூடாது" என்கிறான். 1990இல் வசாவிளானை விட்டு வெளிக்கிட்டபோது படங்களெல்லாம் போய்விட்டன. மற்ற மலர்களைப் பார்த்து எழுதத் தொடங்கினேன். வாசித்தால் எங்கள் அம்மாவாகத் தெரியவில்லை. என்ன செய்வது?
— வாசகி, கோண்டாவில்

பதில்: அன்புள்ள சகோதரி,

அம்மாவின் பிரிவுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்.

முதலில் நாட்களைப் பாருங்கள். உங்களிடம் மூன்று கிழமை இருக்கிறது. அதில் கடைசி ஐந்தாறு நாள் அச்சகத்துக்குப் போய்விடும். கீரிமலைக் கிரியை, வீட்டுக்கிருத்தியம், சாப்பாட்டு ஒழுங்கு எல்லாம் இதே நாட்களில் உங்கள் தலையில்தான் விழும். முழு மலரை இதற்குள் முடிக்கப் பார்த்தால், விசாரிக்க நேரமில்லாமல் பழைய மலரிலுள்ள வசனங்களை எடுத்துப் போடுவதில்தான் முடியும். ஆகவே இரண்டாகப் பிரியுங்கள். 31ஆம் நாளுக்கு 16 பக்கத்தில் ஒரு சிறு கல்வெட்டுப் புத்தகம் (இறந்தவரைப் பற்றிப் புலவர் பாடும் பாடல்களோடு வருவது). ஆட்டைத் திதிக்கு, அதாவது முதலாம் ஆண்டு நினைவுக்கு, முழு நினைவு மலர். அண்ணாவுக்கும் இது பொருந்தும். ஆட்டைக்கு அவர் நேரில் வந்து நிற்கலாம்.

16 பக்கம் என்பது சும்மா சொன்ன கணக்கல்ல. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தின் பக்க எண்ணிக்கை நான்கால் பிரிபட வேண்டும். 16ஆக இருந்தால் அச்சுத் தாளும் வீணாகாது. ஏ5 அளவில் முதற்பக்கத்தில் பெயர், பிறப்பு, இறப்பு, திதி, வாழ்க்கைக் குறிப்புக்கு மூன்று பக்கம், கல்வெட்டுப் பாடல்களுக்கு நான்கு, பஞ்சபுராணத்துக்கு இரண்டு, சிவபுராணத்துக்கு நான்கு, வம்சாவளிக்கு ஒன்று, நன்றி நவிலலுக்கு ஒன்று. சிவபுராணம் 95 அடி. 14 புள்ளி எழுத்தில் ஒரு பக்கத்துக்கு 25 அடி வரை அமையும், முதியவர்களும் கண்ணாடியைத் தேடாமல் வாசிப்பார்கள். எழுத்தைச் சிறிதாக்கிக் கவசம், அந்தாதி என்று எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். சாமியறையில் வைத்துத் தினமும் படிக்கக்கூடிய ஒரு பாடல் இருந்தாலே அந்தப் புத்தகத்தை யாரும் எறிய மாட்டார்கள். உள்ளே 80 கிராம் கடதாசி, அட்டைக்கு 250 அல்லது 300 கிராம் ஆர்ட் போட் போதும்.

திதியைக் கலண்டரைப் பார்த்து நீங்களாகப் போடாதீர்கள். எங்கள் ஊரில் வாக்கியம், திருக்கணிதம் இரண்டு பஞ்சாங்கமும் புழங்குகின்றன. திதி தொடங்கி முடியும் நேரம் இரண்டிலும் வேறுபடும். உயிர் பிரிந்த நேரத்தைச் சொல்லி, கிரியை செய்யும் குருக்களிடமே ஆண்டு, மாதம், பட்சம், திதியை எழுதி வாங்குங்கள். ஆண்டுதோறும் திவசம் அந்தத் திதியில்தான் நடக்கும். மலரில் ஒன்றும் வீட்டில் இன்னொன்றுமாகப் போனால் பிள்ளைகள் மூன்று நாட்டில் மூன்று நாளில் விரதம் இருப்பார்கள். கல்வெட்டுப் பாடும் புலவருக்கும் இதே தாளின் பிரதியைக் கொடுங்கள். திதி வெண்பா இதிலிருந்துதான் வரும். அம்மாவின் பெற்றோர், கூடப் பிறந்தோர், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், குலதெய்வக் கோயில் எல்லாவற்றையும் ஒரே தாளில் தெளிவாக எழுதுங்கள். நீளமான பெயர்களைப் புலவர்கள் யாப்புக்காகக் குறுக்குவதுண்டு. அது வழமைதான். ஆனால் குறுக்கிய பெயர் வேறொருவரின் பெயராகிவிடாமல் பாடலை வாங்கியவுடன் பாருங்கள்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. அப்பாவின் சேவையை எழுதுங்கள் என்பதே எங்கள் உறுதியான கருத்து. அதை விட்டால் அம்மாவின் கதையே நிற்காது. 1964 முதல் 1972 வரை அவர் எங்கே இருந்தார்? பிள்ளைகளில் யாராவது தியத்தலாவை இருக்கும் ஊவாவில் பிறந்திருந்தால் அது எப்படி வந்தது? சிங்களம் எழுத எங்கே பழகினார்? 1972இலிருந்து எட்டு வருடம் வீட்டைத் தனியே ஏன் கொண்டுநடத்தினார்? இந்தக் கேள்வி எல்லாவற்றுக்கும் ஒரே விடைதான். அந்த விடையை அழித்துவிட்டால் வாசிப்பவருக்கு ஒரு பெரிய வெற்றிடம் தெரியும். தம்பி பயப்படுவதைவிட மோசமான ஊகங்கள் அந்த வெற்றிடத்தில்தான் முளைக்கும்.

தம்பியின் தயக்கமும் வெறும் வீம்பல்ல. 1983க்குப் பிறகு இந்த மண்ணில் அந்தச் சொல் எதையெல்லாம் நினைவூட்டுகிறது என்பதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதனால்தான் வருடங்களைத் துல்லியமாகப் போட வேண்டும். 1949இல் உருவான தரைப்படைக்கு 1955இல் முதலாவது இலங்கையர் தளபதியாக வந்த அன்ரன் முத்துக்குமாரு ஒரு தமிழர். 1960களில் கடற்படைத் தளபதியாக இருந்த ராஜன் கதிர்காமரும் தமிழர். அப்பா சேர்ந்த 1958இல் ஒரு யாழ்ப்பாணத்து இளைஞனுக்கு அது றெயில்வே, தபால் திணைக்களம் போல ஓர் அரச உத்தியோகம். மூத்தவர்களுக்கு இது தெரியும்; 1990க்குப் பிறகு பிறந்தவர்களுக்குத் தெரியாது. "1958இல் சேர்ந்து 1980இல் ஓய்வு பெற்றார்" என்ற ஒரு வரி அவர்களுக்குப் போதும். புகழவும் வேண்டாம், சமாதானம் சொல்லவும் வேண்டாம். வருடத்தை விட்டுவிட்டு "இராணுவத்தில் பணியாற்றியவர்" என்று மொட்டையாக எழுதுவதுதான் பிழையாக விளங்கிக்கொள்ள இடம் கொடுக்கும்.

விதிவிலக்கு ஒன்றுண்டு. இந்த விவரம் அச்சில் வருவதால் குடும்பத்தில் உயிரோடிருக்கும் ஒருவருக்கு உண்மையாகவே இடைஞ்சல் வரும் என்றால் "அரச சேவையில் இருந்தார், தியத்தலாவையிலும் பனாகொடையிலும் கடமையாற்றினார்" என்று நிறுத்துங்கள். அதில் பொய் இல்லை. தம்பியோடு தொலைபேசியில் வாதாடுவதைவிட, எழுதிய பந்தியையே அனுப்பி வாசிக்கச் சொல்லுங்கள். எழுதாத வசனத்துக்குப் பயப்படுபவர்கள் எழுதியதைக் கண்டபின் பெரும்பாலும் ஒரு சொல்லைத்தான் மாற்றச் சொல்வார்கள்.

பதவிநிலை, படையணி, சேர்ந்த திகதி, விலகிய திகதி ஆகியவற்றை ஞாபகத்திலிருந்து எழுத வேண்டாம். கோப்ரலாக ஓய்வு பெற்றவர் பிள்ளைகளின் பேச்சில் சார்ஜன்ட் ஆகிவிடுவது வழக்கம். 2006க்குப் பிறகு அம்மா விதவைகள், அநாதைகள் ஓய்வூதியம் எடுத்திருந்தால், அந்தக் கோவையில் சேவை இலக்கம், பதவிநிலை, திகதிகள் இருக்கும். அப்பாவின் படைவிலகற் சான்றிதழ் கிடைத்தால் இன்னும் நல்லது. இதோடு ஒரு விஷயம்: அம்மாவின் மரணத்தைப் பிரதேச செயலகத்துக்கு அறிவித்து ஓய்வூதியத்தை நிறுத்த வேண்டும். பிந்தினால், கூடுதலாக வங்கிக்கு வந்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். அந்தக் கோவையில் எதைக் கையளிப்பதானாலும் முதலில் ஒவ்வொரு தாளையும் போட்டோப் பிரதி எடுங்கள்.

உங்கள் எழுத்தில் அம்மா தெரியாததற்குக் காரணம் விளங்குகிறது. "கணவனுக்கேற்ற மனைவியாய், பிள்ளைகளுக்கு நற்தாயாய், ஊருக்கு உபகாரியாய் வாழ்ந்த அன்னார்" என்ற வசனத்தை எந்த அம்மாவின் படத்துக்குக் கீழும் போடலாம். குணத்தைச் சொல்லும் சொற்களை எல்லாம் ஒருமுறை வெட்டிப் பாருங்கள். மிஞ்சுவதில் ஆண்டு, இடம், செய்த வேலை இல்லையென்றால் அந்தப் பந்தியில் ஒன்றுமே இல்லை. உங்கள் கடிதத்திலுள்ளதை வைத்து இப்படி எழுதலாம் (சிங்களம் பழகியது தியத்தலாவையில் என்பது எங்கள் ஊகம், சரியா என்று பாருங்கள்):

"1964இல் அம்மா தியத்தலாவைக்குப் போனார். அப்பா 1958 முதல் 1980 வரை இலங்கைத் தரைப்படையில் வாகனத் திருத்துநராகக் கடமையாற்றினார். எட்டு ஆண்டுகள் அங்கே குடும்பமாக இருந்தபோது அம்மா சிங்களம் பேசவும் எழுதவும் பழகினார். 1972இல் எங்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வசாவிளானுக்குத் திரும்பினார். அதன்பின் எட்டு ஆண்டுகள் அப்பா லீவில் மட்டுமே வந்துபோக, வீட்டுப் பொறுப்பு முழுவதும் அவருடையதாயிற்று. தியத்தலாவையில் பழகிய சிங்களத்தில் பின்னாளில் அயலவருக்குக் கடிதங்களும் படிவங்களும் எழுதிக் கொடுத்தார்."

கவனியுங்கள், இதில் எழுவாய் அம்மா. அப்பாவின் சேவைக்கு ஒரு வசனம்; மற்ற எல்லாம் அந்தச் சேவையால் அம்மாவின் தோளில் விழுந்ததும், அதை அவர் கொண்டு நடத்தியதும். "கிடைத்தற்கரிய துணைவி" என்று எழுதத் தேவையே இல்லை.

இந்த எலும்புக்கூட்டுக்குச் சதை வைக்க ஆட்களைத்தான் கேட்க வேண்டும். அம்மாவின் சகோதரி, தியத்தலாவையில் பழகிய யாராவது, பாலர் பாடசாலையில் கூடப் படிப்பித்தவர், முகாமில் நின்றவர் என்று ஐந்தாறு பேர் போதும். "அம்மா எப்படிப்பட்டவ?" என்று கேட்டால் "தங்கமான மனுசி" என்ற பதில்தான் வரும். பொருளையும் நாளையும் கேளுங்கள். அப்பாவின் மணியோடர் மாதத்தில் எத்தனையாம் திகதி வரும், பிந்தினால் அம்மா யாரிடம் கைமாற்று வாங்குவா? பிள்ளைப்பேறுக்கு ஊருக்கு எப்படி வந்தவ, யாழ்தேவியில் தனியாகவா? 1971 ஏப்ரல் கிளர்ச்சி நேரம் வீட்டில் யார் யார் இருந்தது, அப்பாவிடமிருந்து எத்தனை நாள் தகவல் இல்லை? இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எந்த வீட்டுக் கதவைத் தட்டினவ? கொடிகாமத்தில் எத்தனை பானை, எத்தனை பேருக்குக் கஞ்சி, விறகு எங்கிருந்து? இப்படிக் கேட்டால் ஆட்கள் தாங்களாகவே கதைக்கத் தொடங்குவார்கள். கைத்தொலைபேசியில் அனுமதி கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தவுடன் ஆளின் பெயரையும் திகதியையும் கோப்புக்கு இடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் எது யாருடைய குரல் என்று குழம்பும்.

கிடைத்ததை ஒரு நீளக் கடதாசியில் ஆண்டுவாரியாக எழுதுங்கள். இடப்பக்கம் வருடம், அடுத்து அம்மா, அதற்கடுத்து நாட்டில் நடந்தது. 1972, 1990, 1995, 2004 போன்ற ஆண்டுகளுக்கு நேரே பார்த்தால் ஞாபகப் பிழைகள் தாமாகத் தெரியும். முகாம் 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வுக்கு முந்தியதா பிந்தியதா, வலிகாமத்துக்கு நீங்கள் திரும்பியது 1996இல் எந்த மாதம் என்று ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு பொருத்திப் பாருங்கள்.

தொண்டுக்குக் கடதாசிச் சான்றும் இருக்கும். மாதர் சங்கக் கூட்ட அறிக்கைப் புத்தகம், பற்றுச்சீட்டுக் கொப்பி, பாலர் பாடசாலை வரவு இடாப்பு ஆகியவற்றை இப்போதைய செயலாளரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு பொருளாளரின் கையெழுத்தில் "அரிசி 2 மூடை, தேங்காய் 40" என்பது போன்ற ஒரு கணக்குப் பக்கம் கிடைத்தால், அதை அப்படியே ஸ்கான் செய்து மலரில் முழுப் பக்கமாகப் போடுங்கள். பத்து அனுதாபச் செய்தி சொல்லாததை அது சொல்லும்.

ஒரு கண்டிப்பான வேண்டுகோள். அம்மா யாருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார், எதற்கு எழுதினார் என்ற பெயரும் விவரமும் அச்சில் வரக்கூடாது. பிடிபட்ட மகனைத் தேடிய தாயோ, நிவாரணம் கேட்ட குடும்பமோ அம்மாவை நம்பிச் சொன்ன விஷயங்கள் அவை. "பலருக்கு எழுதிக் கொடுத்தார்" என்று விடுங்கள். அந்தக் குடும்பத்தவரே தங்கள் பெயரில் எழுதித் தந்தால் மட்டும் போடலாம்.

படங்கள் உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் மற்றவர் வீட்டில் இருக்கும். அம்மா போன கலியாணங்களின் அல்பங்களைக் கேளுங்கள். அவருடைய சிறுவயதுப் படம் வேறொருவரின் கலியாணப் படத்தின் பின்வரிசையில் நிற்கக்கூடும். 1960களில் வெளிநாடு போன உறவினரிடமும் விசாரியுங்கள். அடையாள அட்டைப் படமும் உதவும். சிறிய படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளியிலாவது ஸ்கான் செய்ய வேண்டும். அப்போதுதான் இரண்டு மடங்கு பெருப்பித்தாலும் அச்சுக்குத் தேவையான 300 புள்ளி மிஞ்சும். கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை உரிக்க வேண்டாம், முகத்தின் பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடேயே, பிளாஷ் இல்லாமல், இரண்டு பக்கமும் சாய்வாக வெளிச்சம் விழ வைத்து மேலிருந்து நேராகப் படமெடுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். கணினி கொண்டு முகத்தைத் தெளிவாக்கும் செயலிகள் இல்லாத கண்ணையும் பல்லையும் வரைந்துவிடும். மங்கலான உண்மை முகமே போதும். அப்பா சீருடையில் நிற்கும் படம் கிடைத்து அதில் அம்மாவும் இருந்தால், உள்ளே அந்த ஆண்டுகளைச் சொல்லும் பக்கத்தில், வருடமும் இடமும் குறித்துப் போடுங்கள். அட்டையில் அம்மா மட்டும்.

வம்சாவளிப் பக்கம்தான் அதிகம் மனக்கசப்பை உண்டாக்குவது. ஒவ்வொரு கிளைக்கும் மூத்தவர் ஒருவருக்கு வரைபை அனுப்பி, "சரி" என்று எழுத்தில் பதில் வந்தபின் அச்சுக்குக் கொடுங்கள். குழந்தையில் இறந்த பிள்ளையையும் எழுதுங்கள். அம்மா அந்தப் பிள்ளையையும் பெற்றவர். பிரிந்துபோன மருமக்களை எழுதுவதா என்பதை அந்தப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். காணாமல் ஆக்கப்பட்டவர் யாராவது இருந்தால், அவருடைய தாய் அல்லது மனைவியைக் கேட்காமல் பெயருக்கு முன் "அமரர்" போடக்கூடாது. மற்றவர்களின் வரிசையைப் பார்த்துத் தட்டச்சுச் செய்பவரே கைப்பழக்கத்தில் போட்டுவிடுவதுண்டு. இந்த ஒரு சொல்லுக்காகவே அந்தப் பக்கத்தைத் தனியாக ஒருமுறை பாருங்கள். அடையாள அட்டை இலக்கம், வீட்டு விலாசம், பேரப்பிள்ளைகளின் முழுப் பிறந்த திகதி எதுவும் வேண்டாம். மலர்கள் இணையத்திலும் ஏறுகின்றன.

அச்சகத்தில் பழைய பாமினி எழுத்துருவில் அடிப்பார்களா யுனிகோட்டிலா என்று முன்பே கேளுங்கள். நீங்கள் யுனிகோட்டில் அனுப்பியதை அவர்கள் மாற்றும்போது கிரந்த எழுத்துகளும் எண்களும் சிதறும். ஆகவே புரூஃபை மூன்று பேர் மூன்று விதமாகப் பாருங்கள்: ஒருவர் பெயர்களை மட்டும், ஒருவர் எண்களையும் திகதிகளையும் மட்டும், ஒருவர் சத்தமாக வாசித்து. "ர" வர வேண்டிய இடத்தில் கால் விழுவது, "ன", "ண" மாறுவது எல்லாம் சத்தமாக வாசிக்கும்போதுதான் பிடிபடும். தேவாரங்களைத் தொலைபேசியில் வந்த பிரதியிலிருந்து எடுக்காமல் நல்ல அச்சுப் பதிப்போடு ஒப்பிடுங்கள். 22ஆம் நாள் எழுத்து முழுவதும் அச்சகத்தில், 24ஆம் நாள் கடைசிப் புரூஃபில் உங்கள் கையொப்பம், 29ஆம் நாள் புத்தகம் கையில். பிரதிகளின் எண்ணிக்கையை ஆட்களால் அல்ல, வீடுகளால் கணக்கிட்டு, அதற்கு மேல் ஐந்திலொரு பங்கு கூட்டுங்கள்.

அனுதாபச் செய்திகளை ஆட்டை மலருக்கு வைத்துக்கொள்ளலாம். கேட்கும்போதே 150 சொல், அம்மாவோடு நடந்த ஒரு சம்பவம், கடைசித் திகதி மூன்றையும் சொல்லிவிடுங்கள். றொறன்ரோப் பேரப்பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் போடுவதானால், நாடு குடியரசான 1972 மே 22க்கு முந்திய சேவைக்குச் "சிலோன் ஆமி" என்றும் பிந்தியதற்கு "சிறிலங்கா ஆமி" என்றும் வர வேண்டும்.

முழு மலர் வந்ததும் யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்துக்கும் பல்கலைக்கழக நூலகத்துக்கும் பிரதிகள் கொடுங்கள். இணைய நூலகம் நடத்தும் நூலகம் நிறுவனம் நினைவு மலர்களையும் எண்ணிமப்படுத்துகிறது; அவர்களுக்கும் ஒன்று அனுப்புங்கள். அச்சகத்திடம் பக்கங்களின் பிடிஎஃப் கோப்பை மறக்காமல் கேட்டு வாங்கி, மூன்று பிள்ளைகளும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இரவல் வாங்கிய படங்களையும் சங்கக் கொப்பிகளையும் அச்சகத்துக்கு அனுப்பாமல் ஸ்கான் செய்த கோப்பை மட்டும் அனுப்பி, மூலப்பிரதிகளை அந்தக் கிழமையே உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.